மூன்று புள்ளி, நான்கு புள்ளி

களியக்காவிளையில் என் அச்சகம்.
இரண்டு கத்திக் கம்பெனிக்கும்
அட்டைப்பெட்டி லேபிள் நான்தான் அடிக்கிறேன்.
ஒருவரிடம் மற்றவர் பேச்சை எடுப்பதில்லை.
இருவருக்கும் தெரியும்.

இந்த வாரம் இரண்டு பக்கமிருந்தும் ஒரே வேலை:
பெட்டியின் உள்மூடியில் கம்பெனி வரலாறு,
பன்னிரண்டு வரிக்குள்.
பாறசாலையிலிருந்து சுபத்திரா
வாட்ஸ்அப்பில் அனுப்பினாள், மலையாளத்தில்.
இங்கே சுகுமாரன் பில்லின் பின்பக்கத்தில்
எழுதிக் கொடுத்தான், தமிழில்.
எழுத்து வேறு, முதல் வாக்கியம் ஒன்று:
எங்கள் தாத்தா பப்பநாவன் ஆசாரி
நாற்பத்தொன்பதில் இந்தத் தொழிலைத் தொடங்கினார்.

தொடங்கியது கடன் வாங்கிய துருத்தியில்.
பட்டாளம் கழித்துப்போட்ட லாரிப் பட்டையை
ஏலத்தில் எடுத்து அவர் அடித்த
முதல் ஆறு பால்வெட்டுக் கத்தியில்
நான்கு வாய் மடங்கித் திரும்பி வந்தன.
ஐந்தாவது உடைந்தது.
ஆறாவதைப் பற்றித் தகவல் இல்லை.
குறை சொல்லி வராத கத்தி என்று
அதை வைத்தே அடுத்த வருஷம் விற்றார்.

அவருக்கு எழுத வராது.
தமிழா மலையாளமா என்று
ஊரே அடித்துக்கொண்டிருந்த நேரம்.
காம்புக்கு மேலே எஃகு ஆணியால்
மூன்று புள்ளி குத்தினார்.
சந்தையில் யாரும் சண்டைக்கு வரவில்லை.

ஐம்பத்தாறில் எல்லை வந்தது.
உலை இந்தப் பக்கம்.
மனைவியின் பங்கு நிலம்
இஞ்சிவிளை தாண்டி அந்தப் பக்கம்.
அவர் இருந்தவரை அது வெறும் நிலம்.
பதினாறாம் நாள் முடிந்து
மூத்தவர் வேலப்பன் பட்டறைக்கல்லை
மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார்.
இளையவர் ஆணியை மடியில் வைத்துக்கொண்டு
இங்கே உட்கார்ந்திருந்தார்.
இன்னொரு ஆணி அடிக்க
ஒரு கொல்லனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தம்பி குழித்துறைக் கோர்ட்டில்,
அண்ணன் நெய்யாற்றின்கரையில்.
பதினோரு வருஷம்.
மூன்று புள்ளி தம்பிக்கு என்று தீர்ப்பு.
அண்ணன் தீர்ப்பைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்,
அன்று ராத்திரியே கூட ஒன்று குத்தினார்.
குலசேகரம் சந்தையில்
மூணைவிட நாலு ஒசத்தி என்று
ஆட்கள் கேட்டு வாங்கினார்கள்.

தம்பியும் ஐந்து குத்த ஆணியை எடுத்தார்.
மனைவி ஓமனா வாசலில் நின்று,
"வக்கீலுக்கு இவ்வளவும் குடுத்தது
மூணுக்கா, அஞ்சுக்கா?" என்றாள்.
ஆணி மறுபடி மடிக்குப் போனது.

இன்று இரண்டு பேருக்கும்
எஃகுத் தகடு ஒரே லாரியில் வருகிறது,
ஒரே எடைமேடையில் ஏறி இறங்குகிறது.
பொன்மனையில் பால் வெட்டும் ரெத்தினபாய்
மழைக்கு மூணு, வேனலுக்கு நாலு என்கிறாள்.
கூர் அப்படியா என்று கேட்டேன்.
"மூணு புள்ளிக்காரன் கடன் தருவான்.
மழையில வெட்டு ஏது, துட்டு ஏது?"

தங்கையன் இரண்டு வரலாற்றிலும் இல்லை.
இரண்டு கம்பெனியிலும் வேலை செய்த ஒரே ஆள்.
இங்கே பவர் பிரஸ்ஸில் ஒரு விரல்,
கோபித்துக்கொண்டு அங்கே போய்
அங்கேயும் ஒரு விரல்.
சுகுமாரனிடம் கேட்டேன்: இடமில்லை என்றான்.
சுபத்திராவிடம் கேட்டேன்:
பன்னிரண்டு வரிதானே அண்ணே என்றாள்.

இப்போது லேபிள் கட்டுகளை
இரண்டு பக்கமும் சுமந்துபோவது அவர்தான்.
மீதி எட்டு விரலால் முடிச்சுப் போட்டார்.
கயிறு நீளமாக இருந்தது, கத்தி கேட்டார்.
என் மேசைக் கத்தியைக் கொடுத்தேன்.
புள்ளி தேய்ந்துபோன பழைய கத்தி.
"இது எவனுக்குள்ளது?" என்றவர்
பதிலுக்கு நிற்காமல் அறுத்தார்.

சுகுமாரன் பாக்கியைத் தீர்த்துவிட்டான்.
சுபத்திரா, ஓணம் கழியட்டும் என்கிறாள்.